எலுமிச்சம்பழம் பிழிந்தவள்

முந்தாநாள் காலையில் என் மருமகள் கொல்லைப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் போட்டாள். "அத்தே, இங்க வந்து பாருங்க, துண்டு பூரா ரத்தம்!" எனக்கு முட்டி தேய்ந்து ரொம்ப நாளாகிறது, ஓடியெல்லாம் போக முடியாது. ஆடி அசைந்து போய்ப் பார்த்தேன். வெள்ளைத் துண்டில் உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேல் என்று ஒரு கறை. பக்கத்திலேயே துவைக்கிற சோப்பு. எனக்குப் புரிந்துவிட்டது. முதல் நாள் மஞ்சள்தூள் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு அந்தத் துண்டால்தான் மேடையைத் துடைத்தேன். துடைத்த கையோடு அழுக்குக் கூடையில் போட்டேன், யாரிடமும் மூச்சு விடவில்லை. செய்ததைச் சொல்லாமல் நகர்ந்துவிடுவது என் பழைய வியாதி. அது எவ்வளவு பழையது என்று போகப்போக உங்களுக்கே தெரியும்.

"ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மஞ்சள்ல சோப்பு பட்டா செவக்கும். சோப்புல காரம் இருக்குது, மஞ்சள் அதக் காட்டிக் குடுக்குது. அரை மூடி எலுமிச்சம்பழம் எடுத்தா, ஒரு நிமிஷத்துல மறுபடியும் மஞ்சளா..." என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். முப்பது வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த வாய், அப்படியெல்லாம் பாதியில் நிற்காது. மருமகள் பழத்தோடு வந்துவிட்டாள். "வேணாம்மா, வெயில்ல போடு, தானா போயிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். பிரஷர் மாத்திரை போட்டீங்களா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனாள்.

பிரஷர் இல்லை. பாஞ்சாலை ஞாபகம். அவள் செத்து வருகிற மாசம் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

அவளைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்தப் புளிச்ச வாடையைச் சொல்ல வேண்டும். சின்னசேலத்துக்கும் நைனார்பாளையத்துக்கும் நடுவில் அப்போது ஒரு சேகோ மில் இருந்தது. சேகோ என்றால் ஜவ்வரிசி. பாயசத்தில் கண்ணாடி மணி மாதிரி மிதக்கிறதே, அது மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிறது என்று பட்டணத்துக்காரர்களிடம் சொன்னால் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள். கிழங்கை உரித்து, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தேக்குவார்கள். மாவு அடியில் படியும், மேல்தண்ணீரைத் திறந்து விட்டுவிடுவார்கள். அந்தத் தண்ணீர் ஒரே நாளில் புளித்துவிடும். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் மில் வந்துவிட்டதை மூக்கு சொல்லும். முதல் வாரம் எனக்கு வாந்தி வந்தது. இரண்டாவது மாசம் அந்த வாடை என் புடவையோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தது. என் அப்பா, "காலேஜிக்கு அனுப்பி கஞ்சித்தண்ணி வாட வாங்கிகினு வருது பாரு" என்று அம்மாவிடம் புலம்புவார்.

நைனார்பாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த முதல் பெண் நான்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. மில்லில் என்னை "லேப்"புக்கு வைத்திருந்தார்கள். லேப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். மூட்டை அடுக்கும் அறையில் ஒரு மூலை, ஒரு கால் ஆடும் மேஜை, நாலு டெஸ்ட் ட்யூப், லிட்மஸ் காகிதக் கட்டு இரண்டு. என் வேலையும் இரண்டுதான். மாவுப்பால் புளிக்கிறதா என்று பார்க்க வேண்டும். புளித்தால் ஜவ்வரிசி பழுப்படித்துப்போகும். அப்புறம், கழிவுத் தண்ணீர்க் குழியில் சுண்ணாம்பு கலக்கச் சொல்லி, நீல லிட்மஸ் சிவக்காமல் நீலமாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் வாய்க்காலில் விடச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து நிலத்துக்காரர்கள் பயிர் கருகுகிறது என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும். புத்தகத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அந்த மில்லில் நான் ராணி மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

கிழங்கு உரிப்பது பெண்கள் வேலை. சீசனுக்குக் கல்வராயன் மலையிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கி வருவார்கள். மில்லுக்குப் பின்னாலிருந்த ஓட்டுக் கொட்டகையில் தங்கி, சாமை அறுப்புக்குத் திரும்பப் போவார்கள். பாஞ்சாலை வெள்ளிமலைப் பக்கம். என் வயசுதான். கிழங்குக் குவியலைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்து உரிப்பார்கள். அதில் அவள் கத்தி மட்டும் தனியாகத் தெரியும். ஒரே இழுப்பில் மேல்தோலும் உள்தோலும் சேர்ந்து வந்துவிடும்.

நாங்கள் சிநேகிதமானது ஒரு ரவிக்கையால். ஒருநாள் மத்தியானம் பம்புசெட் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். சந்தனக் கலர் புது ரவிக்கை. பூசிக் குளித்த மஞ்சள் கழுத்தோரத்தில் ஒட்டியிருக்கிறது. சோப்பு போட்டதும் அந்த இடம் பூராவும் ரத்தச் சிவப்பு.

"எவளோ செய்வன வெச்சிட்டா! பரிசம் போட்டுக் கீற நேரத்துல இப்பிடி ரத்தம் காட்டுதே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு மலையிலேயே ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். சுற்றி நின்ற பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இதற்காகவே மூன்று வருஷம் படித்தது போல இருந்தது. சாப்பாட்டுப் பையில் எலுமிச்சம்பழம் இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ஒரு வார்த்தை பேசாமல், சினிமாவில் வருகிற டாக்டர் மாதிரி பழத்தை அறுத்துக் கறையின் மேல் பிழிந்தேன். சிவப்பு கண்ணெதிரே பழையபடி மஞ்சளானது. "யம்மாடீ!" என்று இருபது வாயும் ஒன்றாகத் திறந்தன. உரிக்கிற பெண்களில் மூத்தவள் குப்பம்மாக்கா. யாரையும் லேசில் மதிக்காத ஆள். அவளே, "படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்டி" என்றாள். பாஞ்சாலை ஈர ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு, அழுத முகத்தோடேயே சிரித்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு நான் "பிஎஸ்சி". பெயரே அதுதான். "யே பிஎஸ்சி, இன்னா கொயம்பு?" என்று என் தூக்கைத் திறந்து பார்ப்பாள். அவள் கொண்டுவருகிற சாமைச்சோற்றில் பாதி எனக்கு. மற்றவர்கள் என்னோடு ஒட்டாமல் மரியாதையாகப் பேசுவார்கள். இவள் மட்டும் வா போ. எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.

நான் சும்மா இருப்பேனா? கண்ணில் பட்டதற்கெல்லாம் விளக்கம் சொன்னேன். குப்பம்மாக்கா செம்புக்குப் புளி போட்டுத் தேய்த்தால் அதற்கு ஒரு பாடம். ஏப்பம் விட்டுக்கொண்டே அலைகிற மேஸ்திரி சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் அவர் வயிற்றுக்குள் நடப்பதற்கு ஒரு பாடம். ஒருநாள் என் காலில் கட்டெறும்பு கடித்துவிட்டது. பாஞ்சாலை வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு விரல் எடுத்து அப்பினாள். எறும்பு விடுகிறது அமிலம், சுண்ணாம்பு காரம், இரண்டும் சேர்ந்து ஒன்றை ஒன்று அடக்கிவிடும், உனக்கு இது எப்படித் தெரியும் என்று வியந்தேன். "தெரியறதுக்கு இன்னா கீது? வலிச்சா தடவுவோம், வலி போய்டும். நீ வலி போனப்பறமும் பேசிகினே கீற" என்றாள்.

அவளிடம் எனக்குப் பொறாமை ஒன்று உண்டு. அவள் கண். மாவுத் தொட்டி ஓரமாக நடந்துபோகும்போதே, "பிஎஸ்சி, மூணாவது தொட்டி புளிக்கப் பாக்குது" என்பாள். நான் போய் லிட்மஸ் தோய்த்தால் ஓரம் லேசாகச் சிவக்க ஆரம்பித்திருக்கும். என்னதான் தெரிகிறது உனக்கு என்று கேட்டேன். வெள்ளையில் ஒரு சோர்வு தெரியும் என்றாள். "உன் காயிதம் செவக்கறதுக்கு மின்னாடியே என் கண்ணுக்குத் தெரியும்." மேஸ்திரி அதைக் கவனித்துவிட்டார். அடுத்த சீசனிலிருந்து உரிக்க வேண்டாம், தொட்டிப் பக்கம் நில்லு என்று அவளிடம் சொல்லியிருந்தார். ஊரில் யாருக்கும் கிடைக்காத வேலை. கல்யாணம் முடித்துக்கொண்டு புருஷனையும் கூட்டிக்கொண்டு வருவதாகத் திட்டம் வைத்திருந்தாள்.

அந்த நாள் வெயில் நாள். வடக்குப் பக்கத்து நிலத்துக்காரர் காலையிலேயே வந்து கேட் அருகில் நின்று கத்திக்கொண்டிருந்தார். புளிச்சத் தண்ணீர் அவர் கத்தரித் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டதாம். குழியில் லிட்மஸைத் தோய்த்தேன். பட்டதும் சிவந்தது. தண்ணீர் ஊற்றி நீற்றிய சுண்ணாம்பு தீர்ந்துபோயிருந்தது. வழக்கமாகச் சுண்ணாம்பு நீற்றுகிற ஆள் அன்றைக்கு வரவில்லை. நான்தான் கொட்டகைப் பக்கம் போய், யாராவது சீக்கிரம் நாலு முறம் கல்லுச் சுண்ணாம்பு நீத்துங்க என்று சொன்னேன். ஆமாம், நான்தான். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றது எதைச் சொல்லியும் பிரயோசனமில்லை.

"நான் பாத்துக்கறேன், நீ போய் உன் காயிதத்தப் பாரு" என்று பாஞ்சாலை எழுந்தாள்.

கல்லுச் சுண்ணாம்பு பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். வெள்ளைக் கட்டிகள். தண்ணீர் பட்டதும் புஸ்ஸென்று கிளம்பிக் கொதிக்கும். நெருப்பே இல்லாமல் சோற்றுப்பானை மாதிரி தளதளவென்று கொதிக்கும். அதனால் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நிற்காமல், எட்ட நின்று, நீளக் கழியால் கிளறுவார்கள். அவளும் அப்படித்தான் நின்றாள். அரை டிரம்மில் கட்டிகளைப் போட்டு, குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். உரிக்கிற பெண்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே, அது கொதிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் லேப் வாசலில் நின்றேன். உள்ளே இருந்த ஏதோ ஒரு கட்டி வெடித்தது. பட்டென்று ஒரு சத்தம்தான் கேட்டது. பாஞ்சாலை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

குப்பம்மாக்கா கத்தியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். பாஞ்சாலையின் தோளைக் கட்டிப்பிடித்து, இழுத்துக்கொண்டு பம்புசெட் பக்கம் ஓடினாள். பத்தடிதான். தண்ணீர் தொட்டியில் கை தடிமனுக்கு விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"தண்ணி ஊத்தாதீங்க! வெந்துடும்!"

"இன்னா சொல்ற நீ? எரியுதுன்னு துடிக்குது அது!"

"சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்கும்க்கா! இப்பதான டிரம்முல பாத்தீங்க? கண்ணுக்குள்ள கொதிச்சா கண்ணே போயிடும். எலுமிச்சம்பழம் கொண்டாங்க. காரத்துக்கு அமிலம்தான் மாத்து!"

குப்பம்மாக்கா என்னைப் பார்த்தாள், டிரம்மைப் பார்த்தாள். அது இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. ரவிக்கைக் கறையை நான் ஒரு நிமிஷத்தில் திருப்பியதும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். பிடியைத் தளர்த்திவிட்டாள். நான் சொன்ன ஒரு சொல்லுக்கு, அந்தப் பத்தடியைத் தாண்டாமல் நின்றுவிட்டார்கள்.

அன்றைக்குப் பார்த்து என் பையில் எலுமிச்சம்பழம் இல்லை. எதிரில் டீக்கடைக்கு ஆள் ஓடியது. டீக்கடையில் இல்லை, தாண்டிப் பெட்டிக்கடைக்கு ஓடியது. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் கடிகாரம் பார்க்கவில்லை. பாஞ்சாலை மண்ணில் உருண்டுகொண்டு, "தண்ணி, தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுத்துக்கோ பாஞ்சால, இதோ வந்துடும், இதோ வந்துடும்" என்று சொன்னேன். பத்தடி தள்ளித் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பழம் வந்தது. பிழிந்தேன். அவள் கத்திய கத்தலில் கேட்டில் நின்ற நிலத்துக்காரர் உள்ளே ஓடிவந்துவிட்டார். மேஸ்திரி வந்துதான், "அறிவு கெட்டவங்களா, தண்ணி ஊத்துங்கடி" என்று கத்தி, ஒரு குடத்தை அப்படியே அவள் முகத்தில் கவிழ்த்துவிட்டு வண்டி பிடித்தார்.

சேலத்தில் ஒரு கண் டாக்டரிடம் கொண்டுபோனோம். மேஸ்திரி, குப்பம்மாக்கா, நான். டாக்டர் ரொம்ப நேரம் கழுவினார். பாட்டில் பாட்டிலாகக் கழுவிக்கொண்டே இருந்தார். வெறும் தண்ணீர் மாதிரிதான், கொஞ்சம் உப்புக் கலந்தது. வலது கண் தப்பிவிடும், இடது கண் அவ்வளவுதான் என்றார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "பட்ட உடனே தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டார்.

கட்டுப் போட்டுப் படுத்திருந்த பாஞ்சாலைதான் சொன்னாள். "எலுமிச்சம்பழம் புழிஞ்சாங்க சார்."

"எலுமிச்சம்பழமா? யாரு புழிஞ்சது?"

நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒரு கண் படம் மாட்டியிருந்தது. அதில் பாகங்களுக்கெல்லாம் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருந்தது. ஒவ்வொன்றாகப் படித்தேன். குப்பம்மாக்கா என்னை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் போனாள்.

"நாங்கதான் சார். படிக்காத ஜனம், இன்னா தெரியும் எங்களுக்கு?"

டாக்டர் அவளைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை நான் இங்கே எழுத மாட்டேன். கண்ணில் எது பட்டாலும் முதலில் தண்ணீர், தொட்டி தொட்டியாகத் தண்ணீர், சூடு ஆனாலும் அதுவும் சேர்ந்து கழுவிக்கொண்டு வெளியே போய்விடும், சுண்ணாம்பு உள்ளேயே தங்கினால்தான் அரித்துக்கொண்டே போகும், அதன் மேல் புளிப்பை வேறு ஊற்றினீர்களா, உங்களுக்கெல்லாம் யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். குப்பம்மாக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் நான் நின்றேன், பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. என்னை யாருமே ஒன்றும் கேட்கவில்லை. கெட்டிக்காரியாகத் தெரிவதற்கு ஒரு கண்ணாடியும் போட்டிருந்தேன் அப்போது.

திரும்பி வரும் வழியில் குப்பம்மாக்கா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "வுடு. உனக்குக் கல்யாணம் காச்சி ஆவணும்."

பாஞ்சாலையின் இடது கண் வேகவைத்த முட்டை வெள்ளை மாதிரி ஆகிவிட்டது. பரிசம் போட்ட மாப்பிள்ளை வீட்டார் மலையிலிருந்து இறங்கி வந்து பார்த்தார்கள், அப்படியே ஏறிப் போனார்கள். தொட்டிப் பக்க வேலையும் இல்லையென்று ஆகிவிட்டது. நான் அந்த சீசனோடு மில்லை விட்டு பி.எட். சேர்ந்துவிட்டேன். படிக்கத்தான் போகிறேன் என்று ஊரில் சொன்னேன். ஓடித்தான் போனேன்.

ஆனால் அவள் என்னை விடவில்லை. சில வருஷம் கழித்து ஒரு பொங்கலுக்கு நைனார்பாளையத்துக்கே தேடிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு மூட்டை மலை நெல்லிக்காய், புளி. மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நல்ல மனுஷன் என்றாள். என் அம்மாவிடம், "உங்க பொண்ணு அன்னிக்கி எலுமிச்சம்பழம் புழியலன்னா ரெண்டு கண்ணும் பூட்டிருக்கும்மா. என்னய மடியில போட்டுக்கினு அது அழுத அழுக!" என்று சொன்னாள். என் அம்மா பூரித்துப்போனாள். நான் அடுப்படிக்குப் போய் டீ போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் குடித்தாள்.

அப்புறம் வருஷா வருஷம் மூட்டை வரும். அவள் வர முடியாவிட்டால் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் யார் கையிலாவது கொடுத்தனுப்புவாள். நான் ஒன்பதாம் வகுப்புக்கு அமிலங்கள், காரங்கள், உப்புகள் எடுப்பேன். மஞ்சள் தடவிய காகிதத்தை வைத்துக்கொண்டு சோப்புத் தண்ணீரில் சிவப்பாக்கிக் காட்டுவேன், பிள்ளைகள் கைதட்டும். உடனே, கண்ணில் எது பட்டாலும் தண்ணீர்தான், வேறு எதுவும் கூடாது என்று எழுதிப் போட்டு, மூன்று தடவை சத்தமாகச் சொல்ல வைப்பேன். ஏன் டீச்சர் என்று யாராவது கேட்டால், "ஒரு ஊர்ல படிச்ச பொண்ணு ஒருத்தி இருந்தா" என்று ஆரம்பிப்பேன். முப்பது வருஷமும் ஒரு ஊர்ல ஒருத்திதான்.

சொல்ல முயன்றதே இல்லையா என்றால், ஒரு தடவை முயன்றேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிற பஸ்ஸில், ஒவ்வொரு வளைவிலும் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வெள்ளிமலையில் அவள் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தேன். "பாஞ்சால, அன்னிக்கி மில்லுல குப்பம்மாக்கா உன்ன பம்புசெட்டுக்கு இழுத்துகினு போனாங்க இல்ல..." என்றேன். அவள் பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை. "அதெல்லாம் எதுக்கு இப்ப? இந்தா, இத துன்னு பாரு, தேனு மாதிரி கீது" என்று ஒரு சுளையை என் வாயிலேயே திணித்தாள். நல்ல கண் இருக்கிற பக்கத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எப்போது போனாலும் அப்படித்தான் உட்காருவாள். வாய் நிறைய சுளையோடு நான் தப்பித்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

போன வருஷம் மூட்டை வரவில்லை. மழையாக இருக்கும், உடம்பு சரியில்லாமல் இருக்கும் என்று இருந்துவிட்டேன். அவள் போய் நாற்பது நாள் கழித்துத்தான் எனக்குத் தகவல் வந்தது. அவள் மகள் ரேவதிக்கு என் நம்பர் கிடைக்கவில்லையாம். முட்டியைப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

வீடு மாறியிருந்தது. மெத்தை வீடு, பச்சை பெயிண்ட். அந்தப் பக்கம் யாரும் இப்போது சுண்ணாம்பு நீற்றி வெள்ளையடிப்பதில்லை. ரேவதி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பெரிம்மா, அம்மாவுக்கு கடசி வரிக்கும் உங்க பேச்சுதான். எலுமிச்சம்பழம் புழிஞ்சி கண்ண காப்பாத்துன பிஎஸ்சின்னு சொல்லிகினே இருக்கும்" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அவள் தன் சின்னப் பெண்ணை வாசலில் குளிப்பாட்ட உட்கார வைத்தாள். அது துள்ளிய துள்ளலில் ஷாம்பு கண்ணுக்குள் போய்விட்டது. வீல் என்று கத்தியது. நான் எழுந்திருப்பதற்குள் ரேவதி குழந்தையின் தலையைச் சாய்த்து, சொம்பு சொம்பாகத் தண்ணீரை விட ஆரம்பித்துவிட்டாள். குழந்தை அடங்கிய பிறகும் நிறுத்தவில்லை. குடம் காலியாகிற வரைக்கும் ஊற்றினாள்.

"போதும்மா, ஷாம்புதான்" என்றேன்.

"இல்ல பெரிம்மா, இது எங்கம்மா போட்ட சட்டம்" என்று சிரித்தாள். "எறும்பு மருந்தோ சோப்போ, கண்ணுல எது பட்டாலும் மொதல்ல தண்ணி. எவ்ளோ படிச்சவங்க வந்து குறுக்க நின்னு தடுத்தாலும் தள்ளி வுட்டுட்டு ஊத்துடின்னு சொல்லும். சின்ன வயசுலேர்ந்து சொல்லிகினே இருக்கும். நான் பள்ளிக்கூடம் போற வயசுலயே மனப்பாடம்."

வாசலெல்லாம் ஈரம். தண்ணீர் என் காலடி வரைக்கும் ஓடி வந்தது.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பட்ட வினாடியிலிருந்து தெரிந்திருக்கிறது. தண்ணி தண்ணி என்று கேட்டவள் அவள்தானே, தெரியாமல் எப்படி இருக்கும்? பத்தடியில் தண்ணீர் விழுந்த சத்தத்தை அவளும்தானே கேட்டுக்கொண்டு கிடந்தாள்? தெரிந்துகொண்டே டாக்டரிடம் என் பெயரைச் சொல்லாமல் "புழிஞ்சாங்க" என்றாள். தெரிந்துகொண்டே என் அம்மாவிடம் வந்து என்னைப் புகழ்ந்தாள். தெரிந்துகொண்டே வருஷா வருஷம் நெல்லிக்காய் அனுப்பினாள். என் வாயில் பலாச்சுளையைத் திணித்தாள்.

"தடுத்தது நான்தாம்மா" என்றேன்.

நாற்பது வருஷத்துக்கு மேல் தொண்டையில் நின்றது, அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளிடம் வரவில்லை, அவள் மகளிடம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நீற்றச் சொன்னது நான், குறுக்கே நின்றது நான், பழம் பிழிந்தது நான், டாக்டர் கேட்டபோது சுவரைப் பார்த்தது நான். ரேவதி குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். துவட்டிய கை மெதுவாக நின்றது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். அம்மாவின் கண்தான் அவளுக்கு, இரண்டும் அப்படியே.

"அப்பறம் ஏன் பெரிம்மா, அம்மா எங்ககிட்ட உங்கள அப்பிடி சொல்லிச்சி?"

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து டீ வந்தது. குழந்தையிடம்தான் கொடுத்தனுப்பியிருந்தாள். பஸ் ஏற்றிவிட அவள் வரவில்லை. அதில் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை.

வருகிற வழியில் சின்னசேலம் பக்கமாக ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வந்தேன். மில் இருந்த இடத்தில் மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். தொட்டிகளை மூடிவிட்டார்கள், பம்புசெட் கொட்டகை இல்லை, கிணற்றுக்கு மேல் கம்பி வலை. அந்தப் புளிச்ச வாடை துளிகூட இல்லை. குப்பம்மாக்கா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். எதிரில் டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. கேட் இருந்த இடத்திலிருந்து பம்புசெட் இருந்த இடம் வரைக்கும் நடந்து பார்த்தேன். அப்புறம் பாஞ்சாலையை மண்ணில் படுக்க வைத்திருந்த இடத்திலிருந்து நடந்தேன். முட்டி தேய்ந்த கிழவிக்கே ஆறு எட்டு வைத்தால் வந்துவிட்டது.

முந்தாநாள் துண்டை மாடிக் கொடியில் போட்டிருந்தார்கள். இன்றைக்குப் போய்ப் பார்த்தேன். வெயில் கறையை எடுத்துவிட்டது. சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. நான் துடைத்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை. கீழே வந்து மருமகளிடம், "மஞ்சள் டப்பாவக் கவுத்தது நான்தாம்மா" என்று சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அதனால இன்னா அத்தே?" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

ரேவதி கேட்ட கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. கெமிஸ்ட்ரி புத்தகத்தில் எங்கே தேடினாலும் அதற்குப் பதில் கிடைக்காது. பதில் தெரிந்தவள் ஒருத்திதான். வருஷா வருஷம் நெல்லிக்காய் மூட்டையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் அவளுக்குச் சர்க்கரை இல்லாத டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.